கைப்பிடியில் இரண்டு வளைவு

"அண்ணி, இதால ஒருத்தரை அடிக்கணும்னா, எந்தப் பக்கம் பிடிக்கிறதுன்னு யோசிச்சு முடிக்கிறதுக்குள்ள அடிவாங்க வேண்டியவர் எழுந்து சாப்பிடப் போயிடுவார்."

சக்கரம் சொன்னது அண்ணிக்கு மட்டும் கேட்டிருந்தால் பரவாயில்லை. இன்ஸ்பெக்டருக்கும் கேட்டுவிட்டது.

"உங்க கொழுந்தனைக் கொஞ்சம் சும்மா இருக்கச் சொல்லுங்க மேடம்."

"கல்யாணமாகி வந்த நாள்லேர்ந்து சொல்லிக்கிட்டுதான் இருக்கேன் சார். உங்க பங்குக்கு நீங்களும் சொல்லுங்க."

போலீஸ் ஸ்டேஷன் சுவரில் மணி பன்னிரண்டைத் தாண்டி இரண்டு நிமிஷம். சக்கரத்தின் வலது முழங்கால் மேஜைக்கு அடியில் தையல் மெஷின் மாதிரி ஆடிக்கொண்டிருந்தது. உட்கார்ந்தால் முழங்கால், நின்றால் குதிகால், படுத்தால் கட்டைவிரல். ஏதாவது ஒன்று ஓடிக்கொண்டேதான் இருக்கும். அதனால்தான் அந்தப் பெயர். பதினோரு வேலை பார்த்துப் பதினொன்றையும் விட்டவன், பன்னிரண்டாவதாக அண்ணியின் துப்பறியும் ஆபீசில் வந்து ஒட்டிக்கொண்டான். அண்ணி இன்ஷூரன்ஸ் கம்பெனியில் இருபது வருஷம் பொய்க் கிளெய்ம்களைக் கிழித்துப் போட்டவள். ஊரே அவளை அண்ணி என்றுதான் கூப்பிடும். நிஜமான கொழுந்தன் இவன் ஒருத்தன்தான்.

மேஜைமேல் கிடந்தது அந்த இரும்பு.

சாப்பாட்டுத் தட்டைவிடச் சின்ன வட்டம். வளையம் மாதிரி இரண்டு தகடுகளை ஒன்றின்மேல் ஒன்றாக வைத்துப் பற்றவைத்திருந்தார்கள். ஒரு தகட்டுக்கு வெளி ஓரத்தில் பற்கள். மற்றதற்கு உள் ஓரத்தில் பற்கள். வட்டத்திலிருந்து முழங்கை நீளத்துக்கு ஒரு கைப்பிடி கிளம்பி, நேராகப் போகாமல் ஒரு வளைவு வளைந்து, பிறகு மனசு மாறியதுபோல் இன்னொரு வளைவு வளைந்து, படிக்கட்டில் ஒரு படி இறங்கிய மாதிரி போய் நின்றது. கூர்மை கிடையாது. வெட்டாது, குத்தாது, எதையும் திறக்காது.

"ஆயுதம்" என்றார் இன்ஸ்பெக்டர்.

நேற்றுச் சாயங்காலம் மெத்தை ஃபேக்டரி முதலாளி, ஊருக்கெல்லாம் மெத்தைக்காரர், தன் வீட்டுக்குப் பின்னால் உள்ள ஷெட்டுக்குள் தனியாகப் போனார். அங்கே பதினோரு பழைய மோட்டார் சைக்கிள்களைக் குழந்தைகள் மாதிரி வைத்திருக்கிறார். ஏழு மணிக்கு டிரைவர் கூப்பிடப் போனபோது ரத்தத்தோடு தரையில் கிடந்தார். பக்கத்தில் இது. இன்று காலை ஆஸ்பத்திரியில் கண் விழித்து ஒரே ஒரு வாக்கியம் சொன்னார்: "பின்னாடியிருந்து யாரோ அடிச்சாங்க, ஆளைப் பார்க்கலை."

அந்த ஷெட்டில் வேலை பார்க்கும் மெக்கானிக்கை உடனே பிடித்துவிட்டார்கள். பெயர் கிரீஸ். அதாவது வேறு பெயர் இருந்திருக்கும், யாருக்கும் ஞாபகம் இல்லை. சாயங்காலம் நாலு மணிக்குக் கோர்ட். கொலை முயற்சி என்று உள்ளே போனால் மாசக்கணக்கில் வெளியே வர முடியாது. காலை ஒன்பது மணிக்கே அவன் மனைவி அண்ணியின் ஆபீஸ் வாசலில் வந்து நின்றுவிட்டாள். இப்போது ஜாமீனுக்கு ஆள் தேடிக் கோர்ட்டில் அலைந்துகொண்டிருக்கிறாள்.

"இவன் ஏன் அடிக்கணும்?" என்றாள் அண்ணி.

"போன வாரம் பழைய வண்டிக் கண்காட்சி. 'தானே பழுது பார்த்த வண்டி'ன்னு முதலாளிக்குக் கோப்பை கொடுத்தாங்க. மேடையில நின்னு, எல்லாம் என் கைவேலைன்னு சொல்லியிருக்கார். கீழே நின்ன இவன் பொண்டாட்டி, 'நட்டு கழட்டத் தெரியாத அந்த மண்டையை ஒரு நாள் நானே கழட்டறேன்'னு கத்தியிருக்கா. நூறு பேர் கேட்டிருக்காங்க. பொண்டாட்டி சொன்னதைப் புருஷன் செஞ்சிட்டான்."

"அப்படிச் செய்யற புருஷன் எங்க சார் கிடைக்கிறான்?" என்றான் சக்கரம்.

இன்ஸ்பெக்டர் அவனைப் பார்க்கவே இல்லை. "இருபத்திரண்டு வருஷமா பழைய வண்டியிலேயே கிடக்கிறவன். இது என்ன டூலுடான்னா, தெரியாதுங்கறான். அப்ப வண்டி டூல் இல்ல. மண்டை உடைக்கன்னே செஞ்சது."

மூலையில் பெஞ்சில் உட்கார்ந்திருந்த கிரீஸ் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான். கைகள் இரண்டும் முதுகுக்குப் பின்னால்.

"காயம் எங்க சார்?"

"நெத்தியில. வலது புருவத்துக்கு மேல."

"பின்னாடியிருந்து அடிச்சவன் முன்னாடி வந்து அடிச்சிட்டுத் திரும்பப் பின்னாடி போய் நின்னானா?"

"திரும்பியிருப்பார் மேடம். சத்தம் கேட்டுத் திரும்பியிருப்பார்."

"திரும்பியிருந்தா ஆளைப் பார்த்திருப்பாரே."

இன்ஸ்பெக்டர் பேனாவை மூடித் திறந்தார். "உங்களுக்கு என்ன வேணும்?"

"ஒரு அட்டை, ஒரு பென்சில், ஒரு கத்தரிக்கோல்."

ஃபைல் அட்டையைப் பிரித்து இரும்பை அதன்மேல் வைத்து, ஒவ்வொரு பல்லாகக் கோடு இழுத்தாள் அண்ணி. கைப்பிடிக்கு என்ன செய்வது? சக்கரம் உள்ளே போய், ஆணியில் தொங்கிய ஏட்டின் சட்டையைக் கழற்றி நாற்காலியில் போட்டுவிட்டு, அதன் கம்பி ஹேங்கரோடு வந்தான். அண்ணி அதை நிமிர்த்தி, இரும்போடு ஒட்டிப் பிடித்து, அதே இடத்தில் அதே அளவுக்கு இரண்டு வளைவு வளைத்தாள். அட்டை வட்டம், கம்பிக் கைப்பிடி. பார்த்தால் ஸ்கூல் நாடகத்தில் சூரியனாக நிற்கிறவன் பிடித்திருக்கும் சாமான் மாதிரி இருந்தது.

"இதைத் தூக்கிக்கிட்டு நான் ரோட்ல நடக்கணுமா?"

"நட. ஓடினா இன்னும் நல்லது."

ஓடினான். பூட்டுக் கடைக்காரர் பார்த்துவிட்டு, "பூட்டு இல்ல" என்றார். அது தங்களுக்கே தெரியும் என்றான் சக்கரம். கடிகாரம் பழுது பார்ப்பவர் கண்ணில் லென்ஸை மாட்டி ஐந்து நிமிஷம் பார்த்து, கோயில் மணிக்கூண்டு அளவுக்குக் கடிகாரம் இருந்தால் யோசிக்கலாம் என்றார். அரவை மெஷின்காரர் தன்னுடையதில் இப்படி ஒன்று உடைந்து போயிருக்கிறது, விலைக்குத் தருவீர்களா என்று கேட்டார். மணி ஒன்றே முக்கால்.

"அண்ணி, நாம எதைத் தேடறோம்னே தெரியாம தேடறோம். என் வேலை வாழ்க்கை மாதிரியே இருக்கு."

அண்ணி நடைபாதை ஓரத்தில் சட்டென்று நின்றாள். "வண்டி டூல் இல்லைன்னு யார் சொன்னது?"

"இன்ஸ்பெக்டர்."

"அவருக்கு யார் சொன்னது?"

"கிரீஸ் தெரியாதுன்னு சொன்னதால."

"மெக்கானிக் எவனையாவது கூப்பிட்டு, அவன் பார்க்காத ஒரு சாமானை மேஜைமேல வை. என்ன செய்வான்?"

"எடுப்பான். திருப்புவான். நகத்தால சுரண்டுவான். திரும்பக் கொடுக்கவே மாட்டான்."

"இவன்?"

சக்கரத்துக்கு அந்த முதுகுக்குப் பின்னால் போன கைகள் நினைவுக்கு வந்தன. "தொடவே இல்ல. பார்க்கக்கூட இல்ல."

"தெரியாத சாமான்மேல யாருக்கும் அவ்வளவு பயம் வராது. அவனுக்கு அது என்னன்னு தெரியும். பழைய பார்ட்ஸ் விக்கிற இடம் எது?"

ரயில்வே மதிலை ஒட்டிய கொட்டகை அது. உள்ளே நடக்க இடமில்லை. டேங்குகள், மட்கார்டுகள், வட்டம் வட்டமாய் ரிம்கள். நடுவில் எண்ணெய் டின்மேல் உட்கார்ந்து கார்புரேட்டரைப் பிரித்துக்கொண்டிருந்தாள் ஒரு நாற்பது வயதுப் பெண். மூக்குக்கண்ணாடியின் ஒரு காதுக்குக் கம்பி கட்டியிருந்தது. ஊரில் துருக்காரம்மா என்றால் தெரியும்.

அட்டையைப் பார்த்தவுடனே சிரித்துவிட்டாள். "கிளட்ச் பிடிக்கிற டூலை அட்டையில செஞ்ச ஆளுங்களை இன்னிக்குத்தான் பார்க்கறேன்."

சக்கரம் இடுப்பில் கையை வைத்தான். "ரெண்டு மணி நேரமா ஊரைச் சுத்திட்டோம். நீங்க ரெண்டு செகண்ட்ல சொல்லிட்டீங்க. கொஞ்சம் யோசிச்சிட்டாவது சொல்லியிருக்கலாம், எங்களுக்கு மரியாதையா இருந்திருக்கும்."

"இது என்ன செய்யும்?" என்றாள் அண்ணி.

"ஒண்ணும் செய்யாது. அதான் இதோட வேலை." துருக்காரம்மா பின்னாலிருந்து ஒரு கிளட்ச் கூடையை இழுத்து வைத்தாள். "இதுக்குள்ள நடுவுல பாருங்க, ஒரு பெரிய நட்டு. இதைக் கழட்டினாத்தான் கிளட்ச் வெளியே வரும். ஸ்பேனர் போட்டுத் திருப்பினா என்னாகும்? நட்டோட சேர்ந்து எல்லாம் சுத்தும். நீங்களும் நாள் முழுக்கச் சுத்தலாம். அதனால தேய்ஞ்ச பிளேட்ல ரெண்டை எடுப்போம். வெளிப்பல் வச்சது ஒண்ணு, கூடையைப் பிடிச்சுக்கும். உள்பல் வச்சது ஒண்ணு, நடு ஹப்பைப் பிடிச்சுக்கும். ரெண்டையும் பற்றவச்சு, கைப்பிடி ஒண்ணு வச்சா, கைப்பிடி போய் ஃபுட்ரெஸ்ட்ல முட்டி நிக்கும். எதுவும் அசையாது. நட்டு மட்டும் கழலும்."

"சும்மா இருக்கன்னே ஒரு டூல்" என்றான் சக்கரம். "அண்ணி, எனக்கு ஒண்ணு வாங்கி மாட்டிவிடுங்க."

"கடையில கிடைக்குமா?" அண்ணி கேட்டாள்.

"கம்பெனி போட்டிருப்பான். யாரும் வாங்கினதில்ல. அவனவன் தன்னோட பழைய பிளேட்ல தானே செஞ்சுக்குவான். அதனால ஒருத்தர் டூல் மாதிரி இன்னொருத்தர் டூல் இருக்காது." இரண்டு தகடுகளைத் தேடி எடுத்து அட்டைமேல் வைத்தாள். பல்லுக்குப் பல் பொருந்தியது. "ஐந்நூறு சிசி வண்டி. மெத்தைக்காரர்கிட்ட ஒண்ணு நிக்குது. ஆனா இந்தக் கைப்பிடிதான் எனக்குப் பிடிபடலை. நேராத்தானே இருக்கணும்? எவன் இதை இப்படி ரெண்டு தடவை வளைச்சான்? ஃபுட்ரெஸ்ட்ல நிக்காதே, வெளியே தள்ளிப் போகுதே."

"கீழே விழுந்து வளைஞ்சிருக்குமோ?"

"தானா வளைஞ்சா ஒரு தடவை வளையும். இது சூடு காட்டி, அளவு பார்த்து வளைச்சது."

அண்ணி அட்டையைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். சக்கரத்தால் நிற்க முடியவில்லை. மணி இரண்டு இருபது. குறுக்கும் நெடுக்கும் நாலு தப்படி போட்டான். ஐந்தாவதில் எதிலோ மோதி, "ஐயோ, என் முட்டி!" என்று கத்திக்கொண்டு உட்கார்ந்தான்.

தரையிலிருந்து முழங்கால் உயரத்தில் குறுக்கே நீட்டிக்கொண்டிருந்தது ஒரு தடித்த இரும்புக் குழாய். ஒரு பக்கம் வண்டிச் சட்டத்தில் கோத்திருந்தது. மறுபக்கம் டயர் கழற்றிய ஒரு தொட்டி.

"அது என்ன?" அண்ணியின் குரல் மாறியிருந்தது.

"சைடுகார். வண்டிக்குப் பக்கத்துல ஆள் உட்கார மாட்டற தொட்டி, இது வேற கம்பெனி வண்டியோடது. அந்தக் குழாய்தான் ரெண்டையும் பிடிக்கிறது."

"எழுந்திரு சக்கரம். அந்தப் பக்கம் நகரு."

"அடிபட்டவனை நகரச் சொல்றீங்களே அண்ணி!"

அண்ணி குனிந்து, அட்டை வட்டத்தை அந்த வண்டியின் கிளட்ச் இருக்கும் இடத்தில் பிடித்தாள். ஹேங்கர் கம்பி கீழே இறங்கியது. முதல் வளைவில் வெளியே வந்தது. இரண்டாவது வளைவில் குழாயின்மேல் போய்ப் படிந்து உட்கார்ந்தது. கை எடுத்தாலும் விழாமல் நின்றது.

துருக்காரம்மா நெற்றியில் தட்டிக்கொண்டாள். "சைடுகார் வண்டிக்காரன் டூல்! இந்த ஐந்நூறுல சைடுகார் மாட்டி ஓட்டினவர் இந்த ஊர்லயே ஒருத்தர்தான். மூட்டைப்பூச்சிக்காரர். மருந்து டின்னு, பம்பு, ஏணி எல்லாம் சைடுகார்ல வச்சுக்கிட்டு வீடு வீடாப் போவார்."

"மெத்தைக்காரரை மூட்டைப்பூச்சிக்காரர் அடிச்சாரா?" என்றான் சக்கரம். "தொழில் பகைன்னா இதுதான்."

"எங்கேர்ந்து அடிப்பார்? அவர் செத்து ஆறு வருஷம் ஆச்சு."

"அவர் சாமான்லாம்?"

"வண்டி ஏலத்துல போச்சு. டூல் பெட்டியை நான் கேட்டேன். அவர் பொண்ணு தரமாட்டேன்னுட்டா. ஒரே பொண்ணு. வாய் கொஞ்சம் நீளம். மெக்கானிக் ஒருத்தனைத்தான் கட்டிக்கிட்டா, அதான், மெத்தைக்காரர் ஷெட்ல இருக்கானே, கிரீஸுன்னு."

சக்கரத்தின் குதிகால் தட்டுவதை நிறுத்திவிட்டது. அவன் பையில் போன் அடித்தது. ஸ்டேஷனிலிருந்து, சட்டை பறிகொடுத்த ஏட்டு. இரண்டு வார்த்தை பேசிவிட்டு வைத்துவிட்டார்.

"அண்ணி. கிரீஸ் ஒத்துக்கிட்டானாம். நான்தான் அடிச்சேன்னு. இன்ஸ்பெக்டர் எழுதிக்கிட்டு இருக்கார். மூணே முக்காலுக்குக் கையெழுத்து."

"திடீர்னு எப்படி ஒத்துக்கிட்டான்?"

"நீ சொல்லலைன்னா உன் பொண்டாட்டியைக் கூட்டிட்டு வந்து விசாரிக்கிறேன்னாராம். அந்த நிமிஷமே ஒத்துக்கிட்டானாம்."

"ஆட்டோ பிடி."

கோர்ட் வராந்தாவில் கறுப்புக் கோட்டுகளுக்கு நடுவில் கிரீஸின் மனைவி ஒருத்தரைப் பிடித்துவைத்துப் பேசிக்கொண்டிருந்தாள். பேசிக்கொண்டிருந்தாள் என்பது மரியாதைக்குச் சொல்வது. அந்த வக்கீல் ஓடப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அண்ணி அட்டையை அவள் முகத்துக்கு நேராக நீட்டினாள்.

"இது எங்கப்பாவோட கிளட்ச் டூல் மாதிரி இருக்கு" என்றாள் அவள். ஒரு நொடி யோசிக்கவில்லை, ஒரு நரம்பு அசையவில்லை. "இதை எதுக்கு அட்டையில வெட்டி வச்சிருக்கீங்க?"

"மெத்தைக்காரர் பக்கத்துல கிடந்த ஆயுதம் இதுதான்."

"ஆயுதமா? இதுவா?" அவள் வக்கீலை விட்டுவிட்டாள். அவர் பிழைத்தார். "போலீஸ்காரங்க பயங்கர ஆயுதம்னாங்களே, நான் ஏதோ அரிவாள்னு நினைச்சிட்டேன்!"

"இது உங்க வீட்லதானே இருந்தது?"

"இருந்தது. முந்தாநாள் நான்தான் எடுத்துக் கொடுத்தேன்."

"யாருக்கு?"

"அந்த மெத்தைக்காரருக்குத்தான்!"

சக்கரம் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டான்.

"என் வீட்டு வாசல்ல வந்து நின்னார் அண்ணி. கோப்பை வாங்கினவர், தலையைத் தொங்கப் போட்டுக்கிட்டு நின்னார். அவங்க பழைய வண்டிக் கிளப்புல யாரோ கேட்டுட்டாங்களாம், எல்லாம் நீங்களே செய்யறீங்களே, ஞாயித்துக்கிழமை எங்க முன்னாடி ஒரு கிளட்ச்சைக் கழட்டிக் காட்டுங்கன்னு. இவருக்கு எதைப் பிடிச்சு எதைத் திருப்பணும்னே தெரியாது. யாரும் பார்க்காதப்ப ஒரு தடவை பழகிக்கணும், உன் புருஷன்கிட்ட சொல்லிடாதேன்னார். கஷ்டப்படட்டும்னுதான் கொடுத்தேன். கொடுக்கும்போதே சொன்னேன், சார், இது சைடுகார் வண்டிக்குச் செஞ்சது, உங்க வண்டிக்கு நிக்காது, நழுவும்னு எங்கப்பா சொல்லுவார்னு. என்ன சொன்னார் தெரியுமா? 'எனக்கா சொல்லித் தர்றே?'"

"உங்க வீட்டுக்காரர்கிட்ட இதைச் சொன்னீங்களா?"

"அவர்தான் சொல்லாதேன்னாரே. ஒரு வாட்டி வாயை மூடிப் பார்ப்போமேன்னு மூடினேன்." அவள் குரல் இறங்கியது. "ஏன் அண்ணி? அவர் என்ன சொல்றார்?"

"தானே அடிச்சதா எழுதிக் கொடுக்கப் போறார். அந்த டூலைப் பார்த்ததும் அது உங்க வீட்டுதுன்னு அவருக்குத் தெரிஞ்சிருக்கு. அதை அவர் எடுக்கலை. அப்ப வேற யார் எடுத்திருக்க முடியும்?"

அவள் தப்பிப் போன வக்கீலைத் திரும்பப் பிடிக்க வராந்தாவில் ஓடினாள்.

மூன்றே காலுக்கு ஷெட்டில் இருந்தார்கள். அண்ணி போனில் கூப்பிட்டதற்காக இன்ஸ்பெக்டர் இரும்பைப் பையில் போட்டுக்கொண்டு, வேண்டாவெறுப்பாக வந்து சேர்ந்தபோது மூன்று இருபத்தைந்து.

"பத்து நிமிஷம்தான் மேடம். அவன் ஒத்துக்கிட்டப்புறம் இது எதுக்கு?"

"பத்து நிமிஷத்துல உங்களுக்கே புரியும் சார். இந்த வண்டியைத் துடைச்சிக்கிட்டு இருந்தார்னு எழுதியிருக்கீங்க. துடைக்கிறவர் எதுக்கு மூடியைக் கழட்டிச் செயினை எடுத்துத் தட்டுல வச்சிருக்கார்?"

வண்டியின் இடது பக்கம் திறந்து கிடந்தது. கிளட்ச் கூடை காலியாக, நடுவில் அந்தப் பெரிய நட்டோடு. சக்கரம் தரையில் படுத்து, பெஞ்சுக்கு அடியில் கையை விட்டு, நீளக் குழாய் செருகிய ஒரு ஸ்பேனரை இழுத்தெடுத்தான். அண்ணி ஃபுட்ரெஸ்ட்டின் முனையைக் காட்டினாள். கறுப்புப் பெயின்ட்டில் விரல் நீளத்துக்கு ஒரு கீறல், பளபளவென்று புதுசாக.

இரும்பை வாங்கிக் கூடைக்குள் வைத்தாள். ஒரு சின்னச் சத்தத்தோடு உள்ளே போய் உட்கார்ந்தது. கைப்பிடி இறங்கி, ஃபுட்ரெஸ்ட்டின் முனையை அரை விரல் மட்டும் தொட்டுக்கொண்டு நின்றது.

"சக்கரம், அந்த ஹெல்மெட்டை எடுத்து அந்த ஸ்டூல்மேல வை. வண்டிக்கு நேரா. குனிஞ்சு வேலை செய்யறவன் தலை இருக்கிற உயரம்."

"அது என் தலையா இருக்கக் கூடாதுன்னு தோணினதுக்கு நன்றி அண்ணி."

"சார், ஸ்பேனரை நட்டுல போட்டு, தலையை மட்டும் தள்ளி வச்சுக்கிட்டு, முழு பலத்தோட அழுத்துங்க."

இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றினார். ஒரு தடவை அழுத்தினார். நட்டு அசையவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு, உடம்பின் எடை முழுவதையும் குழாயின்மேல் போட்டார்.

கிரீச் என்று ஒரு சத்தம். கைப்பிடி ஃபுட்ரெஸ்ட்டை விட்டு நழுவியது. அடுத்த கணம் அது கீழேயிருந்து பின்பக்கமாகச் சுழன்று மேலே வந்து ஹெல்மெட்டை ஒரே அடியில் ஷெட்டின் மறுகோடிக்கு அனுப்பியது. இன்ஸ்பெக்டர் டேங்கின்மேல் கவிழ்ந்தார். ஸ்பேனர் உருண்டு பெஞ்சுக்கு அடியில் போனது. இரும்பு கூடையிலிருந்து கழன்று, போலீஸ்காரர்கள் சாக்பீஸால் போட்ட கோட்டுக்கு ஒரு சாண் தள்ளி விழுந்தது.

சக்கரம் ஹெல்மெட்டை எடுத்து வந்து நீட்டினான். வலது புருவம் இருக்க வேண்டிய இடத்துக்கு மேலே ஒரு பள்ளம்.

"கொலைகாரன் யாருன்னு எழுதிக்கிறீங்களா சார்? பேர் ஃபுட்ரெஸ்ட். வயசு எழுபது."

இன்ஸ்பெக்டர் எழுந்து, சட்டையைச் சரிசெய்து, கிரீஸின் மனைவி சொன்னதையெல்லாம் அண்ணியிடம் கேட்டுக்கொண்டு, சிரிக்காமல் போனை எடுத்தார். ஆஸ்பத்திரி அறையைக் கேட்டு வாங்கி, எல்லோருக்கும் கேட்க ஸ்பீக்கரில் போட்டார்.

"சொல்லுங்க இன்ஸ்பெக்டர்" என்றது மெத்தைக்காரரின் குரல், கட்டுப் போட்ட தலைக்குரிய சோர்வோடு. "கோர்ட்டுக்குக் கொண்டுபோயாச்சா?"

"அதுக்கு முன்னாடி ஒரு சந்தேகம் சார். ஞாயித்துக்கிழமை கிளப்புல எந்த டூலை வச்சுக் கிளட்ச் கழட்டறதா இருந்தீங்க?"

அந்தப் பக்கம் கட்டில் கிரீச்சிட்டது, எழுந்து உட்கார்ந்திருக்க வேண்டும்.

"யார் சொன்னது?"

"உங்க ஃபுட்ரெஸ்ட் சொல்லுச்சு. தெரியாம அடிபட்டா அது விபத்து. தெரிஞ்சே ஒருத்தனை மாட்டிவிட்டா அதுக்கு வேற பேர். எதை எழுதிக்கட்டும்?"

"எனக்குத் தலை சுத்துது" என்றார் மெத்தைக்காரர். பிறகு, ரொம்பச் சின்னக் குரலில்: "கிளப்புக்குத் தெரிய வேண்டாம் இன்ஸ்பெக்டர். விபத்துன்னே எழுதிக்கோங்க."

"நான் நேர்ல வந்து எழுதிக்கறேன் சார். எல்லாத்தையும் எழுதுவேன்."

மணி மூன்று நாற்பது. இன்ஸ்பெக்டர் ஸ்டேஷனுக்குப் போன் போட்டார். அந்த லைன் பேச்சில் இருந்தது. மறுபடி போட்டார். பேச்சில் இருந்தது. சக்கரம் ஜீப்பை நோக்கி ஓட ஆரம்பித்திருந்தான்.

அவர்கள் உள்ளே நுழைந்தபோது கிரீஸ் மேஜை முன் நின்றிருந்தான். முன்னால் காகிதம். பெயரின் முதல் எழுத்தைப் போட்டுவிட்டிருந்தான். கோர்ட்டிலிருந்து பின்னாலேயே புயல் மாதிரி வந்த அவன் மனைவி அந்தக் காகிதத்தை உருவி, ஏட்டின் முகத்துக்கு நேராக இரண்டாகக் கிழித்தாள். இன்ஸ்பெக்டர் குப்பைக்கூடையைக் காலால் அவள் பக்கம் தள்ளினார். அது போதுமானதாக இருந்தது.

"ஏங்க, உங்களுக்கு அறிவிருக்கா?"

கிரீஸ் அவளைப் பார்த்தான், இன்ஸ்பெக்டரைப் பார்த்தான், அவர் கையில் இருந்த இரும்பைப் பார்த்தான்.

"மெத்தைக்காரர் அவரா நட்டு கழட்டப் போய் அவரா அடிபட்டார்" என்றாள் அண்ணி மெதுவாக. "உங்க சம்சாரம் டூலை இரவல் கொடுத்ததோட சரி."

"ஏன்யா தெரியாதுன்னு சொன்னே?" என்றார் இன்ஸ்பெக்டர். கேட்டது அவர்தான். பதில் போனது மனைவிக்கு.

"நீ எல்லார் முன்னாடியும் சொன்னே. மண்டையைக் கழட்டறேன்னு."

"சொல்றவ செய்வாளா? பதினாறு வருஷத்துல நான் சொன்னதுல எதைச் செஞ்சிருக்கேன்? எங்கம்மா வீட்டுக்குப் போறேன்னு எத்தனை தடவை சொல்லியிருக்கேன்? ஒரு தடவை போனேனா?"

"இல்ல."

"அப்புறம்? நான் போய் ஒருத்தரை அடிச்சேன்னு நினைச்சீங்களே, நினைச்சதுமில்லாம எனக்குப் பதிலா நீங்க போய் உள்ளே உட்காரப் பார்த்தீங்களே. யாரைக் கேட்டு?"

கிரீஸ் இப்போதுதான் கைகளை முன்னால் கொண்டுவந்தான். எண்ணெய்க் கறை ஏறிய அந்தக் கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் பிசைந்தான்.

"நீ உள்ளே போயிட்டா வீட்ல சத்தமே இருக்காது. அந்த வீட்ல என்னால இருக்க முடியாதுன்னு தோணுச்சு. அதுக்கு இதுவே தேவலைன்னு நினைச்சேன்."

ஏட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். சக்கரம் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அண்ணி அவன் காலை மிதித்தாள்.

கிரீஸின் மனைவி முந்தானையால் ஒரு தடவை மூக்கைத் துடைத்தாள்.

"நீங்க உள்ளே போயிட்டா நான் மட்டும் யார்கிட்ட கத்தறது? அதை யோசிச்சீங்களா?" என்றாள். "நடங்க வீட்டுக்கு."

நடந்தார்கள். அவன் முன்னால், அவள் அரைத்தப்படி பின்னால். காலையிலிருந்து அவன் ஒன்றும் சாப்பிடாததிலிருந்து ஆரம்பித்து, அவன் சட்டைப் பொத்தான், கோர்ட்டில் அவளைப் பார்த்து ஓடப் பார்த்த வக்கீல், எல்லாவற்றையும் பற்றி அவள் குரல் தெருமுனை வரை கேட்டுக்கொண்டே போனது. அவன் தலை மட்டும் ஆமாம் ஆமாம் என்று ஆடியது.